ஜெரெபு காலத்துத் தாடி

என் தாடையில் முடி வளர்வதற்கும் என் மனைவியின் வயிற்றில் பிள்ளை வளர்வதற்கும் சம்பந்தம் உண்டு என்று முதல் தடவை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, லாரிக்குப் பின்னால், துறைமுகத்துக்குள், இறால் பண்ணைக்குள் என்று ஜொகூர் முழுக்கச் சுற்றியவன் நான். கையில் ஒரு பை, பைக்குள் ஒரு சவரக்கத்தி. வேறு எந்த ஒழுங்கும் இல்லாதவனுக்கு முகத்தையாவது சுத்தமாக வைத்துக்கொள்வது ஒரு பெருமை. ஸ்கூடாயில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்துக் கல்யாணமும் செய்துகொண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தினமும் சிரைத்தேன். முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்துபோனது.

மாமியார் ஜொகூரிலேயே இருக்கும் ரெங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஆஸ்பத்திரி நடையில் நின்று முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"வழவழன்னு இருக்கே மாப்பிள்ளை," என்றார். "இன்னைக்குத்தான் சிரைச்சீங்களா?"

"ஆமா."

"ம். நல்லா இருக்கு."

பிறகு மகளின் கட்டிலருகே உட்கார்ந்து, பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, தாடி எடுக்கக்கூடாது, பாம்பு அடிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்வது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. நான்கில் ஒன்றைத்தான் நான் செய்திருந்தேன். ஒன்றே போதுமாம்.

அடுத்த தடவை என் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே மாமியார் துணிமணியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். குளியலறையிலிருந்த சவரக்கத்தியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் மனைவிக்கு இருந்தது. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளால் செய்யக்கூடியது படுத்திருப்பது. என்னால் செய்யக்கூடியது சிரைக்காமல் இருப்பது. அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

அப்போது நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கெலாங் பாத்தாவிலிருந்து சிங்கப்பூருக்கான இரண்டாம் பாலத்துக்குப் போகும் பக்கம், நெடுஞ்சாலை ஓரங்களும் ஒரு பெரிய வீடமைப்புத் திட்டத்தின் வெற்று நிலங்களும் எங்கள் குழுவின் குத்தகை. குழு என்றால் நான்கு பேர். வேலையை மேற்பார்க்கிற மண்டோர், லாரி ஓட்டுகிறவன், ஒரு வங்காளதேசி, நான். எண்ணெய் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு, நீளத் தடியை இடமும் வலமும் வீசியபடி நாள் முழுக்க நடக்க வேண்டும். நடக்கிறவனுக்குப் பிடித்த வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. மெசின் சத்தத்தில் பேசவும் முடியாது.

தாடி ஒரு விரற்கடை வளர்வதற்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மண்டோர் "சாமி" என்றார். லாரிக்காரன் சில நாள் "சாமி" என்பான், சில நாள் "ஆடு" என்பான். வெட்டிய புல்லைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்து என் தாடைக்குக் கீழே நீட்டுவான்.

"சாப்பிடுடா. உனக்குன்னு இளம்புல்லா பார்த்து எடுத்தேன்."

புல்லுக்குள் பாம்பு வந்தால் நான் மெசினை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்பேன். லாரிக்காரன் வந்து அடிப்பான். அடித்துவிட்டு, செத்த பாம்பைக் குச்சியில் தூக்கி, "சாமி, உங்க மச்சான் போயிட்டாரு," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காதவனை இன்னும் மோசமாகக் குத்துவார்கள் என்பது சுற்றித் திரிந்த காலத்தில் கற்றது.

பிறகு ஜெரெபு வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்தால் இந்தப் பக்கம் நமக்குப் புகை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லாருக்குமே அது ஜெரெபுதான். அந்த ஆண்டு நம் பக்கத்திலும் சதுப்பு நிலங்கள் பற்றிக்கொண்டன. அங்கே மரம் மட்டுமல்ல, மண்ணே எரியும். மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் போய்ப் புகைந்துகொண்டிருக்கும். காலையில் வீட்டைவிட்டு இறங்கினால் யாரோ பக்கத்திலேயே ஈரக் குப்பையைக் கொளுத்தியது போன்ற வாடை. சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி வெறுமனே தொங்கும். கண் கூசாமல் பார்க்கலாம். கைபேசியில் காற்றின் அளவைக் காட்டும் கட்டம் மஞ்சளில் தொடங்கிச் சிவப்புக்குப் போனது. பள்ளிகளை மூடினார்கள். புல் வளர்வதை யாரும் மூட முடியாது.

எங்களுக்கென்று சில வைத்தியங்கள் இருந்தன. வெள்ளைத் துண்டைத் தண்ணீரில் முக்கி மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொள்வோம். துண்டு சீக்கிரமே பழுப்பாகிவிடும். அதைப் பிழிந்து காட்டி, "பாருங்கடா, இவ்வளவு அழுக்கும் உள்ள போயிருக்கும்," என்பார் மண்டோர். பழுப்பாகத் தெரிவது தடித்த தூசி, நெஞ்சுக்குள் இறங்குவது கண்ணுக்கே தெரியாதது, அது ஈரத்துணியில் நிற்காது என்று பின்னால்தான் எங்களுக்குச் சொன்னார்கள். துண்டுக்கு உள்பக்கம் தைலம் தடவிக்கொள்வது இன்னொரு வைத்தியம். மூக்கு திறந்துகொண்ட மாதிரி இருக்கும். நன்றாக மூச்சு வருகிறது என்று நினைத்து, இன்னும் ஆழமாகப் புகையை இழுப்போம். மூன்றாவது, மதியம் மண்டோர் வாங்கித் தரும் பால் பாக்கெட். பால் குடித்தால் புகை வயிற்று வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடுமாம். புகை வயிற்றுக்குள் போவதில்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பால் நன்றாக இருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் இழுப்பு உண்டு. தோட்டக் குடியிருப்பில் இருந்தபோது மழைக்காலத்தில் வரும், போகும். பெரியவனான பிறகு அதை மறந்தே போயிருந்தேன். ஜெரெபு வந்து சில நாளில் அது பழைய கடன்காரன் மாதிரி வீடு தேடி வந்தது. விடிகாலையில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போன்ற சத்தம். மனைவி திரும்பிப் பார்ப்பாள். நான் தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

வீடமைப்புத் திட்டத்துக்குள் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சரியான முகமூடி போட்டாக வேண்டும், அது முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதனையும் செய்தாக வேண்டும் என்று திட்டத்துக்காரர்கள் உத்தரவு போட்டார்கள். சோதனையில் தோற்றவனுக்குப் புகை தீரும்வரை உள்ளே வேலை இல்லை. சோதிக்க வந்தது ஒரு தமிழ்ப் பெண். இளம் வயது, பாதுகாப்பு அதிகாரி, புத்தம் புதுக் காலணி. கூடாரத்துக்குள் எங்களை வரிசையாக உட்காரவைத்தாள். முகமூடியின் இரண்டு வார்களில் ஒன்று உச்சந்தலைக்கு, ஒன்று கழுத்துக்குப் பின்னால், மூக்கின் மேலிருக்கும் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்த வேண்டும் என்று போட்டுக் காட்டினாள். ஈரமாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மறுநாளைக்கு என்று பாக்கெட்டில் மடித்து வைக்கக்கூடாது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்ததும் நின்றாள்.

"அண்ணா, தாடி இருந்தா டெஸ்டே பண்ணக்கூடாது. மாஸ்க் தோலோட ஒட்டணும். முடி நடுவுல இருந்தா அது வழியா எல்லாம் உள்ள போயிரும். எடுத்துட்டு நாளைக்கு வாங்க."

மண்டோர் முந்திக்கொண்டார்.

"அம்மா, அது சாமிக்கு வேண்டுதல்மா. விரதம். மதத்துல கை வைக்காதீங்கமா, அப்புறம் பெரிய பேச்சாயிரும்."

அவர் என்மேல் இரக்கப்பட்டுப் பேசவில்லை. அந்த வாரம் அவருக்கு இன்னொரு மெசின் ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மதம் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. இந்த ஊரில் எந்த அதிகாரியும் அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்வார்கள். கடைசியில், "சரி, டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். ஃபெயில் ஆனா நான் ஒன்னும் பண்ண முடியாது," என்றாள்.

அவள் பையைத் திறந்துகொண்டிருக்கும்போது மண்டோர் என் காதருகே குனிந்தார்.

"கசக்குதான்னு கேப்பா. கசக்கலைன்னு சொல்லு. அவ்வளவுதான் லா பரீட்சை."

தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பையைக் கவிழ்த்தாள். முன்னால் கண்ணாடி போல ஒரு சன்னல். அதிலிருந்த ஓட்டை வழியாக ஏதோ கசப்பு மருந்தைப் புகை மாதிரி பீய்ச்சினாள். நாக்கைக் கொஞ்சம் நீட்டி வாயால் மூச்சு விடச் சொன்னாள். பைக்கு வெளியே லாரிக்காரன், "காளி ஆத்தா மாதிரி இருக்கான்," என்றது கேட்டது. முகமூடி பொருந்தியிருந்தால் ஒன்றும் தெரியாது. பொருந்தாவிட்டால் கசக்கும்.

முதல் பீய்ச்சலிலேயே கசந்தது. வேப்பிலையை அரைத்து நாக்கின் அடியில் வைத்த மாதிரி. தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னாள், கசந்தது. மேலும் கீழும் பார்க்கச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சத்தமாக எண்ணச் சொன்னாள். எண்ணினேன்.

"கசக்குதா அண்ணா?"

"இல்லை."

"கொஞ்சங்கூட?"

"இல்லைங்க."

பையைத் தூக்கி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணு கலங்கியிருக்கே."

"ஜெரெபுங்க," என்றேன்.

லாரிக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் கூடாரத்துக்கு வெளியே ஓடினான். அவள் கோபப்படவில்லை. தாழ்ந்த குரலில், "நாக்கு உங்களோடது, நெஞ்சும் உங்களோடது. நீங்க சொல்றதைத்தான் நான் நம்ப முடியும்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். வங்காளதேசிக்கு மீசைகூடக் கிடையாது. அவன் ஒரே தடவையில் தேறினான்.

அன்றிலிருந்து எனக்கு வேலை இருந்தது, தாடியும் இருந்தது. மாமியாருக்குத் திருப்தி, மண்டோருக்குத் திருப்தி. தாடிக்கும் முகமூடிக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகப் புகை போய்வந்தது. முகமூடியைக் கழற்றும்போது மற்றவர்களுக்கு முகத்தில் வட்டமாக ஒரு தடம் பதிந்திருக்கும். எனக்குக் கன்னத்துக்கு மேலே மட்டும் இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது.

நான் எதிர்பார்க்காதது வீட்டில் நடந்தது. தாடி புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. குளித்தாலும் சோப்புப் போட்டாலும் மாமியார் கொடுத்த சீயக்காயைத் தேய்த்தாலும் அந்த எரிந்த மண் வாடை போகவில்லை. வீட்டின் சன்னல்களை எல்லாம் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணித்து, கூட்டினால் தூசி கிளம்பும் என்று தரையை ஈரத்துணியால் மட்டும் துடைத்து, மகளுக்காக ஓர் அறையைப் புகையில்லாமல் வைத்திருந்தார் மாமியார். அதைச் சரியாகத்தான் செய்தார். அந்த அறைக்குள் நான் நுழைந்ததுமே என் மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வாடை உங்க சட்டையில இல்லைங்க. தாடியில இருக்கு."

"கழுவிட்டேன்."

"இன்னும் இருக்கு." எழுந்து போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டு, "கொஞ்சமா, ஓரத்துல மட்டும், கத்தரிச்சா என்னம்மா?" என்று தன் அம்மாவிடம் கேட்டாள்.

"தொட்டா போயிரும்," என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை, நீங்க வெளிய காத்தாடப் படுத்துக்குங்க," என்றார்.

வெளியே என்றால் ஒன்பதாம் மாடித் தாழ்வாரம். காற்றாட என்றால் புகையாட. பாயை விரித்துப் படுத்தேன். பகலெல்லாம் புகையில் நின்றவனுக்கு மிச்சப் பொழுதும் புகை. சாத்திய கதவுக்குப் பின்னால் என் பிள்ளை சுத்தமான காற்றில் வளர்ந்துகொண்டிருந்தது. நான் உள்ளே இல்லாதவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கணக்கு எனக்கு நியாயமாகவே பட்டது.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒரு நாள் முற்பகலில் நெடுஞ்சாலைச் சரிவில் வெட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் புகை மஞ்சளாக இருந்தது. எதிரே வரும் லாரிகள் விளக்குப் போட்டிருந்தன. சரிவில் ஏறும்போது மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. இன்னொன்று இழுத்தேன், அதுவும் உள்ளேயே நின்றுவிட்டது. முகமூடியைப் பிய்த்து எறிந்தேன். முதுகில் மெசின் அலறிக்கொண்டிருந்தது. முழங்காலில் விழுந்தேன். தோள் இரண்டும் தானாகத் தூக்கித் தூக்கிப் போட்டன. தலை முன்னும் பின்னும் ஆடியது. தொண்டையிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்.

லாரிக்காரன்தான் முதலில் ஓடிவந்தான். மெசினை அணைத்தான். அணைத்துவிட்டு, என்னைத் தொடாமல், ஓர் அடி பின்வாங்கினான்.

"அண்ணே, சாமி வந்திருச்சுண்ணே."

இத்தனை நாள் கேலியாகச் சொன்ன சொல்லை அப்போது அவன் கேலியாகச் சொல்லவில்லை. தாடி வைத்தவன், விரதம் என்று மண்டோரே வாயால் சொன்னவன், கண் செருகி, உடம்பு உதறி, மூச்சு சீறுகிறது. கோயிலில் அவன் பார்த்த அருளும் இப்படித்தான் இருந்தது. மண்டோருக்கு அந்த விரதம் தன் வாயில் பிறந்த பொய் என்று தெரியும். அவரும் தொப்பியைக் கழற்றினார்.

"யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். பயபக்தியோடு கேட்டார்.

நான் கையை நீட்டினேன். தூக்கிவிடச் சொல்லி நீட்டினேன். விரல்கள் விறைத்துக்கொண்டிருந்தன.

"நம்பர் காட்டுறாரு," என்றான் லாரிக்காரன். "அண்ணே, விரலைப் பாருங்க. மூணு. அலமாக், இப்ப அஞ்சு. எழுதிக்குங்க."

கையை உதறினேன். "மறுபடி மூணு," என்றான். நான்கு எண் லாட்டரிக் குலுக்கலுக்கு இன்னும் ஓர் எண் வேண்டியிருந்தது. அவன் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கை கூப்பி, "இன்னொன்னு மட்டும் குடுங்க சாமி," என்று கெஞ்சினான். அவன் முகம் என் முகத்துக்கு நேர் எதிரே இருந்தது. அதில் துளியும் கெடுதல் இல்லை. அப்படி ஒரு மரியாதையோடு யாரும் என்னை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சரிவின் மறுகோடியில் வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசி அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நம் சாமியும் தெரியாது, அருளும் தெரியாது. ஓடிவந்து இரண்டு பேரையும் தள்ளிவிட்டு, என் உதட்டைப் பார்த்து, மூச்சு விட முடியவில்லை, சாகப்போகிறான் என்று மலாயில் கத்தினான். மெசின் வார்களை அறுத்து என்னை லாரிக்கு இழுத்துக்கொண்டு போனான். கதவை மூடியபோது லாரிக்காரன் மண்டோரிடம், "கடைசி நம்பர் ஆறா, ஒன்பதாண்ணே?" என்று கேட்டதுதான் எனக்குக் கடைசியாக நினைவு.

கண் விழித்தபோது முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கவசம், அதிலிருந்து ஒரு குழாய். காற்று தானாக உள்ளே தள்ளப்பட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. நெஞ்சு எரிந்தாலும் மூச்சு போய்வந்தது. கன்னத்தில் ஏதோ சில்லென்று இருந்தது. கவசத்தின் ஓரத்தில் விரலை வைத்தேன். தோல். தாடையைத் தடவினேன். தோல்.

கட்டில் பக்கத்தில் மண்டோர் உட்கார்ந்திருந்தார்.

"அதை ஏன் தடவுற? கவசம் ஒட்ட மாட்டேங்குதாம், காத்தெல்லாம் தாடி வழியா வெளிய போகுதாம். எடுக்கலாமான்னு நர்ஸ் வந்து கேட்டுச்சு. வீட்டு ஆளு யாரும் இல்லை. நான்தான் எடுங்கன்னு சொன்னேன்." பிறகு அவரால் அடக்க முடியவில்லை. "உள்ள ஒரு புல்லுத் துண்டு இருந்துச்சாம் டா. நர்ஸ் காட்டுச்சு."

மாலையில் மாமியார் தனியாக வந்தார். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டார். உள்ளே வரவில்லை, திரும்பி மண்டோரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அவளுக்குத் தெரியாது," என்றார். "தெரியவும் கூடாது. இந்த மூஞ்சியைப் பார்த்தா பயந்துருவா. பயந்தா வலி எடுத்துரும். ஏழுல வலி எடுத்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியாததில்லை."

கவசத்துக்குள்ளிருந்து என்னால் பேச முடியவில்லை.

"நெஞ்சுல தொத்து, பக்கத்துல வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு சொல்லிக்கிறேன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்க. உங்களுக்கு வெளிய இருக்கிறது ஒன்னும் புதுசில்லையே மாப்பிள்ளை. பழக்கம்தானே."

அது உண்மைதான். அதனால்தான் வலித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டபோது உறிஞ்சும் மருந்துக் குப்பி ஒன்றைக் கொடுத்து, புகையில் வேலை செய்யக்கூடாது என்றார்கள். தலையாட்டினேன். கெலாங் பாத்தாவில் மெசின் கொட்டகைக்குப் பின்னால் ஒட்டுப் பலகையால் அடித்த கொங்சி வீடு ஒன்று இருந்தது. ஊர்விட்டு வந்த வேலைக்காரர்கள் சேர்ந்து தங்குகிற இடம். வங்காளதேசி தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தான். மண்டோர் எனக்கு மெசின் கொடுக்கவில்லை. சாலையோரத்தில் நின்று வண்டிகளுக்குச் சிவப்புக் கொடி அசைக்கிற வேலை கொடுத்தார். மூச்சு அதிகம் இழுக்காத வேலை, நொண்டிகளுக்குக் கொடுக்கிற வேலை.

லாரிக்காரன் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. அவன் கட்டிய நம்பர் ஏறவில்லை. "தாடியோட சக்தி போயிருச்சு," என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். பிறகு பழையபடி பேசத் தொடங்கினான். ஆனால் ஆடு என்றும் சாமி என்றும் கூப்பிடவில்லை. எனக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. "கொடி" என்றான்.

நான் வேலைக்குத் திரும்பிய மறுநாளே அந்தப் பெண் அதிகாரி மறுபடி சோதனைக்கு வந்தாள். என் தாடையைப் பார்த்தாள். பையைக் கவிழ்த்தாள். பீய்ச்சினாள். தலையைத் திருப்பினேன், நிமிர்ந்தேன், குனிந்தேன், எண்ணினேன். ஒன்றும் இல்லை. வெறும் வாய். என் எச்சிலின் சுவைகூடத் தெரிந்தது.

"கசக்குதா?"

"இல்லை," என்றேன்.

"இப்ப நம்புறேன்," என்றாள்.

மனைவி கைபேசியில் கூப்பிடுவாள், முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பாள். முகமூடியை மாட்டிக்கொண்டு பேசுவேன். கொங்சி வீட்டின் பலகைக்கு முன்னால் மூக்கு முதல் தாடை வரை வெள்ளையாக ஒரு முகம். அவளுக்கு அது பிடித்திருந்தது.

"இப்பதான் ஒழுங்கா போடுறீங்க," என்பாள். "தாடி எவ்வளவு நீளம்?"

"இருக்கு."

"கழட்டாதீங்க. தொத்து போகட்டும். தாடி மட்டும் பத்திரம்."

அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்திருப்பாள். படத்தில் அந்தக் கை தெரியும். ஒவ்வொரு நாளும் அந்தக் கைக்குக் கீழே இருப்பது அசைகிறதா என்று கேட்பேன். அசைகிறது என்பாள். அசையாவிட்டால் அது என் முகத்தால்தான் என்று எல்லாரும் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நம்பாத ஒன்றுக்காகப் பயந்துகொண்டிருந்தேன். சிவப்புக் கொடியை அசைத்துக்கொண்டே, ஏழு போய்விட்டது, எட்டு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டேன். நம்புகிறவனுக்காவது வேண்டிக்கொள்ள ஓர் இடம் இருக்கும்.

மழை வந்தது. ஒரே வாரத்தில் புகை கரைந்து போனது. மக்கள் வெளியே வந்து, நீல வானத்தைப் படம் பிடித்தார்கள். அடுத்த மாதத்தில் என் மகள் பிறந்தாள். முழு மாதம், முழு எடை. மாமியார் கைபேசியில் ஒரே வரி சொன்னார்: "பொம்பளப் பிள்ளை, ரெண்டு பேரும் சுகம், வீட்டுக்கு வந்த பிறகு வாங்க."

போனேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நானாகச் சிரைக்கவில்லை. தாடையில் குட்டையாக ஒரு வளர்ச்சி இருந்தது. தாடி என்று யாரும் ஏமாறமாட்டார்கள். கொங்சி வீட்டிலிருந்து முகமூடியோடுதான் கிளம்பினேன். என் மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை துணிச்சுருளாக அவள் மடியில். சன்னல்கள் திறந்திருந்தன.

"தொத்து போயிருச்சா?"

"போயிருச்சு."

"அப்ப கழட்டுங்க."

மாமியார் சமையலறை வாசலில் நின்றிருந்தார். கழற்றினேன். என் மனைவி என் தாடையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப?"

"ஏழாம் மாசம். ஆஸ்பத்திரியில."

அவள் மடியைப் பார்த்தாள். கணக்குப் போடுவது தெரிந்தது. தாடி இல்லாமலே பிள்ளை இவ்வளவு நாள் உள்ளே இருந்து, முழுசாகப் பிறந்து, இதோ உதட்டைச் சப்புகிறது. அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. முதல் பிள்ளைக்காக இத்தனை நாள் என்மேல் வைத்திருந்ததை அவள் இறக்கி வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப தாடியால ஒன்னும் இல்லையாம்மா?" என்று தன் அம்மாவைக் கேட்டாள்.

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். யோசிக்கக்கூட இல்லை.

"தாடி இல்லாதப்போ அவரு வீட்டுல இல்லையே. அதான் ஒன்னும் ஆகலை," என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. உங்க நல்ல மனசு, தள்ளியே இருந்தீங்க."

என் மனைவி தலையை மெல்ல ஆட்டினாள். தளர்ந்த முகம் மறுபடி தன் இடத்துக்குப் போயிற்று.

எனக்கு இருமல் வந்தது. நெஞ்சில் இன்னும் பழைய புகை இருந்தது. பிள்ளை திடுக்கிட்டது. அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தூக்கணுமா?"

"கொஞ்சம்."

"மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுத் தூக்குங்க. இருமுறீங்க."

மேல்வாரை உச்சந்தலைக்கும் கீழ்வாரைக் கழுத்துக்கும் போட்டேன். இரண்டு கை விரலாலும் கம்பியை அழுத்தினேன். அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தபடியே. பிள்ளையைக் கையில் வாங்கினேன். எடையே இல்லை. குனிந்து அதன் தலையருகே முகத்தைக் கொண்டுபோனேன். பிறந்த பிள்ளையின் உச்சிக்கு ஒரு வாசம் உண்டு என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆழமாக மூச்சை இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன். ஒரு வாசமும் இல்லை. குட்டைத் தாடியை மீறியும் அன்றைக்கு முகமூடி நன்றாக ஒட்டியிருந்தது.

"போதும், குடுங்க," என்றாள்.